கோட் ரிவியூவுக்கு எந்தக் கருவி? மலையகத்திலிருந்து திறமூலத் திட்டம் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் தாங்கள் நிறுத்த கிலோவைத் தங்கள் போனிலேயே குறித்துவைக்க நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு செயலி செய்துவருகிறோம். மடுவத்தில் ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் கிலோவைப் பதிந்துவைத்தால், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று கோடைத் திறந்து வைத்திருக்கிறோம்.

ஒரு நாள் 1,400 வரி மாற்றம் ஒன்று வந்தது. எழுதியவரின் எடிட்டர் எல்லாக் கோப்புகளிலும் வரித் தொடக்க இடைவெளிகளைத் தானாக மாற்றியிருந்ததால் திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சேர்த்துவிட்டேன். அதற்குள் ஒரே ஒரு வரியில் தசம எண் முழு எண்ணாகியிருந்தது. 17.6 கிலோ 17 ஆகப் பதிந்தது. நோர்வூட்டில் ஓர் அம்மா தன் கொப்பிக் கணக்கைக் காட்டி, "இதுல கொறச்சுக் காட்டுதே மகள்" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கழிவு என்று கிலோ வெட்டுவதைக் கேள்வி கேட்கத்தான் இந்தச் செயலியையே தொடங்கினோம். அதுவே கிலோவை வெட்டியது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அதற்குப் பிறகுதான் கோட் ரிவியூ கருவிகளை உட்கார்ந்து ஆராய்ந்தோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவட்டும் என்று அதை வரிசையாக எழுதுகிறேன்.

கோட் ரிவியூ என்பது ஒருவர் எழுதிய மாற்றம் திட்டத்தில் சேர்வதற்கு முன் இன்னொருவர் அதை வரி வரியாக வாசித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, பிறகு சம்மதம் தருவது. கருவி மூன்று காரியங்களைச் செய்தால் போதும். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். இதை டிஃப் என்பார்கள். குறிப்பிட்ட வரியிலேயே கருத்து எழுத இடம் தர வேண்டும். சம்மதம் கிடைக்கும் வரை மாற்றத்தை உள்ளே விடக்கூடாது. மற்றவை எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

படி 1: ஆட்களின் பட்டியல் எழுதுங்கள்

கருவிகளின் இணையத்தளங்களைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். யார் யார் கோட் எழுதுவார்கள், யார் வாசிப்பார்கள், அவர்களிடம் லேப்டாப் இருக்கிறதா போன் மட்டும்தானா, சிக்னல் எப்படி, எந்த நேரத்தில் உட்கார முடியும், எந்த மொழியில் எழுதினால் விளங்கும், கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) தெரியுமா.

எங்கள் தாளில் ஹட்டன் டவுனில் நல்ல இணைப்போடு ஒருவர் (அது நான்), பண்டாரவளையில் ஒரு ஆசிரியர், பேராதனையில் படிக்கும் தம்பி ஒருவர், கொழும்பில் வேலை செய்துகொண்டு இரவில் மட்டும் வருபவர் ஒருவர், கண்டியில் ஒரு சிங்கள நண்பர், பொகவந்தலாவையில் ஒரு தங்கச்சி. தங்கச்சியின் லயத்துக்குள் சிக்னல் கிடையாது. கோவில் மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு வரும்.

முடிவெடுக்கும்போது அந்தத் தங்கச்சியின் வரியைத்தான் முதலில் பாருங்கள் என்பேன். நல்ல இணைப்பு உள்ளவருக்கு எந்தக் கருவியும் ஓடும். கஷ்டமான இடத்தில் இருப்பவருக்கு ஓடாத கருவியை எடுத்தால், அவர் ஒரு நாள் சொல்லாமலே நின்றுவிடுவார். எங்கள் செயலியில் பாதித் தவறுகளைக் கண்டுபிடிப்பது அவர்தான், ஏனென்றால் அவருடைய அம்மா அதைத் தினமும் பயன்படுத்துகிறார்.

படி 2: காசும் கரண்டும்

மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டிய எதையும் எடுக்காதீர்கள். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். சொந்த உழைப்பில் நடக்கும் திட்டம் அப்படி ஓர் அடியைத் தாங்காது.

சொந்த சேர்வர் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அதே 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனது. அப்படிப்பட்ட நாட்கள் இல்லாவிட்டாலும் சித்திரை மாதத்து இடிக்கு ரவுட்டரைக் கழற்றி வைக்கும் ஊர் இது. அதோடு சேர்வரைப் புதுப்பிக்க, பாதுகாக்க, பிரதி எடுக்க ஒருவர் எப்போதும் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த குழு என்றால், வேறொருவர் இலவசமாக நடத்தும் இடத்தையே பயன்படுத்துங்கள்.

படி 3: உண்மையான தெரிவுகள் நான்கைந்துதான்

கிட்ஹப். 2008இல் தொடங்கியது, 2018இல் மைக்ரோசொஃப்ட் வாங்கியது. மாற்றத்தை இங்கே புல் ரிக்வெஸ்ட் என்பார்கள். பொதுவில் திறந்திருக்கும் திட்டத்துக்கு முக்கியமான எல்லாமே இலவசம்: சம்மதம் இல்லாமல் சேர்க்க முடியாதபடி முதன்மைப் பிராஞ்சை (திட்டத்தின் முதன்மைக் கோட் இருக்கும் கிளை) பூட்டலாம், மாற்றம் வந்ததும் தானாக ஓடும் தானியங்கிச் சோதனைகளை வைக்கலாம், எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதிவைக்கலாம். வாசிப்பவர் ஒரு வரிக்கு மாற்று வரியையே எழுதிக் கொடுக்க, எழுதியவர் ஒரு தட்டில் ஏற்றுக்கொள்ளும் வசதி போனில் இருப்பவர்களுக்குப் பெரிய உதவி. குறையும் உண்டு. ஒருவர் தன் கமிட்டுகளை (கிட்டில் பதிந்த மாற்றங்களை) திருத்தி எழுதித் திரும்ப அனுப்பினால், முன்பு வரிகளில் எழுதிய கருத்துகள் காலாவதியானவை என்று ஒதுங்கிப் போகும். எது திருத்தப்பட்டது, எது அப்படியே இருக்கிறது என்று தேட வேண்டிவரும். ஆகவே ரிவியூ நடக்கும்போது பழைய கமிட்டைத் திருத்தாமல் புதிய கமிட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கிட்லேப். 2011இல் உக்ரைனில் தொடங்கியது. இங்கே பெயர் மெர்ஜ் ரிக்வெஸ்ட். இதன் சமூகப் பதிப்பே திறமூலம் என்பதால் பல பெரிய திட்டங்கள் இதைத் தங்கள் சொந்த சேர்வரில் வைத்திருக்கின்றன. லினக்ஸ் திரைச்சூழல் திட்டங்களான க்னோம் 2018இலும் கேடிஈ 2020இலும் இதற்கு மாறின. புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: இலவசத் திட்டத்தில் சம்மதம் தெரிவிக்கலாம், ஆனால் சம்மதம் இல்லாமல் சேர்க்கக்கூடாது என்று கட்டாயமாக்கும் வசதி கட்டணத் திட்டத்தில்தான் இருக்கிறது. திறமூலத் திட்டங்களுக்கான சலுகைக்கு விண்ணப்பித்தால் அதையும் இலவசமாகப் பெறலாம்.

கோட்பெர்க். பேர்லினில் இலாப நோக்கமில்லாத சங்கம் ஒன்று நடத்துகிறது. ஓடுவது ஃபோர்ஜெயோ என்ற மென்பொருளில். அது 2022இல் கிட்டியா என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து பிரிந்தது. திறமூலத் திட்டங்களுக்கு மட்டுமே இடம் தருகிறார்கள். முறை கிட்ஹப் போலவே இருப்பதால் புதிதாகப் படிக்க அதிகம் இல்லை. தானியங்கிச் சோதனையில் கிட்ஹப் அளவுக்குத் தாராளம் இல்லை. ஒரு கம்பெனியின் கையில் நம் உழைப்பு இருக்கக்கூடாது என்று நினைப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். அந்தக் கவலை நியாயமானது: 2019இல் அமெரிக்கத் தடைகளால் ஈரானிலும் சிரியாவிலும் இருந்த பலரின் கிட்ஹப் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தது.

கெரிட். கூகுளில் அண்ட்ரொய்டுக்காகச் செய்தது. லிப்ரேஓஃபிஸ், கோ மொழி போன்றவை இதைப் பயன்படுத்துகின்றன. ரிவியூவை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுதான் மிக நுட்பமானது என்பது என் எண்ணம். ஒவ்வொரு கமிட்டும் தனியாக வாசிக்கப்படும், திருத்தி அனுப்பினால் முதல் வடிவத்துக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கலாம், மைனஸ் இரண்டு முதல் பிளஸ் இரண்டு வரை வாக்களிக்கலாம். ஆனால் முதல் மாற்றத்தை அனுப்புவதற்குள் கிட்டில் சில விசேஷ அமைப்புகளைச் செய்ய வேண்டும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் பேராதனைத் தம்பி, "அக்கா, இதுக்கே ஒரு செமஸ்டர் போடணும் போல" என்றார். முழுநேரமாக வேலை செய்யும் குழுவுக்கு ஏற்றது, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்யும் குழுவுக்கு இல்லை.

மின்னஞ்சல். லினக்ஸ் கேர்னலும் கிட்டும் இன்றுவரை மாற்றங்களை மின்னஞ்சலில் அனுப்பித்தான் ரிவியூ செய்கின்றன. குறைந்த இணைப்பில் இதைப்போல நன்றாக வேறெதுவும் ஓடாது. ஆனால் புதியவருக்கு முதல் வாசல் மிக உயரம். நான் பரிந்துரைக்கவில்லை.

ஃபப்ரிகேட்டர் என்ற பெயரைப் பழைய கட்டுரைகளில் பார்ப்பீர்கள். அதை நடத்திய நிறுவனம் 2021இல் நிறுத்திவிட்டது, ஃபோர்ஜ் என்ற பெயரில் சமூகம் தொடர்கிறது. புதிதாகத் தொடங்க அது வேண்டாம்.

படி 4: தமிழைப் போட்டுப் பாருங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த ஒப்பீட்டிலும் இந்தப் படி இருக்காது. நமக்கோ இதுதான் மிக முக்கியம்.

செயலியில் வரும் தமிழ் வாசகங்களும் கோட் மாதிரியே ரிவியூவுக்கு வரும். ஒரு சோதனைக் கோப்பு செய்து, அதில் சில வரிகளை எழுதி, மாற்றி, டிஃப் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். 'கொழுந்து' என்ற சொல்லின் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. டிஃபில் மட்டும் ஒரு வரி அழிந்து அதே வரி மறுபடி எழுதப்பட்டது மாதிரி இருக்கும். வாசிப்பவர் குழம்பிப் போவார். தேடல் பெட்டியில் ஒன்றைத் தட்டினால் மற்றது அகப்படாமல் போகவும் கூடும்.

இன்னொன்று 'ஸ்ரீ'. சாதாரண 'ஸ'வை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வை வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவம்தான். ஸ்ரீபாதத்தைச் சுற்றியுள்ள இடங்களின் பட்டியலில் இரண்டும் கலந்து கிடந்ததை நாங்கள் மாதக்கணக்காகக் கவனிக்கவில்லை. தமிழ் இலக்கம் ௧ 'க' போலவும் ௨ 'உ' போலவும் இருப்பதையும் மறக்க வேண்டாம். இவற்றை மனிதக் கண்ணிடம் விடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, கலப்பு இருந்தால் நிறுத்தும் சிறு சோதனை ஒன்றைத் தானியங்கியில் போடுங்கள். 'ஸ்ரீ' மாதிரியானவை அந்த வடிவமாற்றத்தில் ஒன்றாகா; அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும்.

பழைய ஆவணங்களிலிருந்து வாசகம் எடுப்பவர்கள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதையே ஒட்டிவிடுவார்கள். டிஃபில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். உடனே திருப்பி அனுப்புங்கள். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் கிட் அதை எண்களாக மாற்றிக் காட்டும், core.quotePath என்ற அமைப்பை அணைத்தால் சரியாகும். அப்புறம், வாசகங்களைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் கோப்பு வகையைத் தேர்ந்தெடுங்கள். எண் குறியீடாக மாற்றிச் சேமிக்கும் வகை என்றால், 'அரைப்பேர்' (கிலோ குறைந்தால் விழும் அரைநாள் சம்பளம்) என்பது 'அறைப்பேர்' ஆகியிருப்பதை எந்த வாசிப்பவராலும் பிடிக்க முடியாது.

கோட் தெரியாத, ஆனால் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் வாசகங்களைத் திருத்த வேண்டுமா? அவர்களை ரிவியூ கருவிக்குள் இழுக்காமல் வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புக் கருவியைப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் பண்டாரவளை ஆசிரியர் அதில்தான் வேலை செய்கிறார்.

படி 5: கோவில் மேட்டுச் சோதனை

தெரிவு இரண்டாகக் குறைந்ததும், சிக்னல் மிக மோசமான இடத்தில் ஒருவரை நிற்கவைத்து ஒரு மாற்றத்தை முழுதாக ரிவியூ செய்யச் சொல்லுங்கள். எங்கள் தங்கச்சி செய்தபோது கற்றுக்கொண்டவை இவை. கிட்ஹப்பிலும் கிட்லேப்பிலும் அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினால் அது கருத்தாகப் பதியும். இணையப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். புல் ரிக்வெஸ்ட் முகவரியின் கடைசியில் புள்ளி வைத்து டிஃப் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் வெறும் எழுத்துக் கோப்பு வரும், பக்கத்தின் அலங்காரம் எதுவும் இறங்காது. மாற்றத்தைக் கிட் மூலம் ஒரு முறை இழுத்துக்கொண்டால் வீட்டில் இணைப்பு இல்லாமலே ஓட்டிப் பார்த்து, கருத்துகளைக் கொப்பியில் எழுதிவைத்து, மறுநாள் பதியலாம்.

படி 6: இரண்டு வாரம் ஓட்டுங்கள்

முடிவை வாக்கெடுப்பால் எடுக்காதீர்கள். உண்மையான மாற்றங்கள் ஐந்தாறை அந்தக் கருவியில் ஓட்டுங்கள். அதில் ஒன்றை இதுவரை திட்டத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுங்கள். கணக்கைத் திறப்பதிலிருந்து முதல் மாற்றம் ரிவியூவுக்கு வருவது வரை எவ்வளவு நேரம் எடுக்கிறது, எந்த இடத்தில் உங்களை அழைக்கிறார் என்று மட்டும் குறியுங்கள். நாங்கள் கொடுத்த ஒருவர், "அக்கா, நீங்க எழுதினது வெளங்குது, ஆனா என்ன பட்டன அமுக்கணும்னு வெளங்கல்ல" என்றார். சம்மதம், கருத்து, திருத்தக் கோரிக்கை என்று மூன்று பொத்தான்கள் ஒரே இடத்தில் இருந்ததுதான் சிக்கல். ஒரு படம் போட்டு விளக்கியதும் தீர்ந்தது.

மொழியையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் தமிழில் கருத்து எழுதுகிறோம். கண்டி நண்பர் பார்க்கும் பகுதிகளில் எளிய ஆங்கிலத்தில் எழுதுகிறோம். தாய்மொழியில் கேள்வி கேட்க விட்ட பிறகுதான் புதியவர்கள் உண்மையான சந்தேகங்களைக் கேட்கத் தொடங்கினார்கள்.

படி 7: தேர்ந்தெடுத்த அன்றே செய்ய வேண்டிய அமைப்புகள்

முதன்மைப் பிராஞ்சைப் பூட்டி, குறைந்தது ஒருவரின் சம்மதம் கட்டாயம் என்று வையுங்கள். திட்டத்தைத் தொடங்கியவருக்கும் விதிவிலக்கு வேண்டாம். கிட்ஹப்பில் நிர்வாகிகளுக்கு அந்தப் பூட்டைத் தாண்டும் உரிமை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இடைவெளி, வரி அமைப்பு போன்றவற்றை மனிதர்கள் பேசக்கூடாது. கோடின் அமைப்பைத் தானாகச் சீராக்கும் ஃபார்மட்டர் ஒன்றைத் தானியங்கியில் போட்டு, அது சரி என்று சொன்ன பிறகே ரிவியூ தொடங்கட்டும். இடைவெளி மாற்றங்களை மறைக்கும் வசதி டிஃபிலேயே இருக்கிறது. அதை அன்று நான் அழுத்தியிருந்தால் 1,400 வரி பத்து வரிக்குள் சுருங்கி, அந்தத் தசம எண் கண்ணில் பட்டிருக்கும்.

மாற்றத்தின் அளவுக்கு எல்லை வையுங்கள். சிஸ்கோவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, ஒரு தடவைக்கு 200 முதல் 400 வரிக்கு மேல் வாசித்தால் குறைகள் கண்ணுக்குத் தப்பும் என்றது. களைத்துப்போய் இரவில் வாசிக்கும் எங்களுக்கு 200 என்று வைத்தோம். பெரிய கோப்புகளின் டிஃபை கிட்ஹப் சுருக்கி மறைத்துக் காட்டும் என்பதையும் புதியவர்களிடம் சொல்லுங்கள். விரித்துப் பார்க்காமல் சம்மதம் கொடுப்பது நடக்கிறது.

டிஃபில் தெரியாத கோப்புகளில் மிக எச்சரிக்கையாக இருங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட கள்ளக்கதவு, சோதனைக்கான பைனரி கோப்புகளுக்குள் (எழுத்தாக வாசிக்க முடியாத கோப்புகள்) ஒளிந்திருந்தது. களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடம் பல காலம் நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் அதை உள்ளே வைத்தார். படமும் எழுத்துருவும் தவிர வேறு பைனரி கோப்பு வந்தால் நாங்கள் இரண்டு பேரின் சம்மதம் கேட்கிறோம். எல்லோரும் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியிருக்க வேண்டும். போன் தொலைந்தால் உதவ, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவால் தானாக ரிவியூ செய்யும் போட்களை இப்போது திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். மறந்துபோன சோதனைகளை ஞாபகப்படுத்த உதவும். அவற்றின் சம்மதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அரைப்பேர் எப்போது விழும், எந்தத் தோட்டத்தில் எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்பது பொகவந்தலாவைத் தங்கச்சிக்குத்தான் தெரியும்.

படி 8: வெளியேறும் வழி

எந்த இடமும் ஒரு நாள் மூடலாம். கூகுள் கோட் 2016இல் மூடியது. எல்எல்விஎம் போன்ற மாபெரும் திட்டமே 2023இல் ஃபப்ரிகேட்டரை விட்டு கிட்ஹப் புல் ரிக்வெஸ்டுக்கு மாறியது. கோட் எல்லோர் கணினியிலும் இருக்கும், அதற்குப் பயமில்லை. போய்விடுவது ரிவியூ உரையாடல்கள்: ஏன் இப்படி எழுதினோம், யார் என்ன எதிர்ப்புச் சொன்னார், எந்தத் தோட்டத்துக்காக இந்த விதிவிலக்கு என்பவை. ஆகவே முக்கியமான காரணத்தைக் கமிட் செய்தியிலேயே தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்; அது கோடோடு கூடவே வரும். மற்ற உரையாடல்களை அந்தக் கருவியின் ஏபிஐ (நிரல் எழுதித் தரவை எடுக்கும் வாசல்) வழியாக இறக்கிக்கொள்ளலாம்.

நாங்கள் கிட்ஹப்பைத்தான் எடுத்தோம், கோட்பெர்க்கில் ஒரு நகல் வைத்திருக்கிறோம். உரையாடல்களின் பிரதி ஒன்று பண்டாரவளையில் ஆசிரியரின் ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொன்று பேராதனையிலும் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு யாராவது ஒருவர் அதைப் புதுப்பித்துவிட்டுக் குழுவில் தேதியைப் போடுவார்.